கோடைக்காலச் சாலையோரப் பறவைகள்: காண்டலும் படமெடுத்தலும்

பறவைகளைக் காண்பதற்கு ஏற்ற பருவம் குளிர்காலமே என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. வட இந்தியாவின் ஏரிகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் வெளிநாட்டு வாத்துக்கள் திரள் திரளாக வந்து சேர்வது அக்காலத்திலேயாதலின் இவ்வெண்ணம் தோன்றியது இயல்பே. இராஜஸ்தானத்தில் பரத்பூர் நகரை அடுத்துள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1985-இல் உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. குளிர்கால மாதங்களில் அங்கே பறவை காண்போர் கூட்டம் மிகுதி. மார்ச்சு கழிந்ததும் அக்கூட்டம் கலைந்துவிடுகிறது. ஆனால், அந்நாட்டிலேயே நிலையாக வாழும் பறவைகள் பலவற்றுக்கு வாழ்க்கையின் முக்கிய அலுவல் அப்பொழுதுதான் தொடங்குகிறது. கூடு கட்டுதல், அடைகாத்தல், குஞ்சுகளுக்கு இரையூட்டுதல் ஆகிய யாவும் கடுங்கோடையிலேயே நிகழ்கின்றன.

பரத்பூர்ச் சமவெளியில், பூங்காவின் எல்லைக்கு வெளியே செல்லும் கிராமச் சாலைகளில் ஒன்றை இப்பாடம் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மே மாதத்தில், மாணாக்கர் சிலருடன், இரண்டு கிலோமீட்டர் தூரம் அச்சாலையில் மெல்ல நடந்தால் எவற்றைக் காணலாம், அவற்றை எவ்வாறு குறித்துக்கொள்வது, எவ்வாறு புகைப்படம் எடுப்பது என்பன இங்கு விளக்கப்படுகின்றன. இக்கோடையில் காமிராவுடன் செல்பவர் தம்மையறியாமலே பறவைகளுக்கு விளைக்கக்கூடிய தீங்கு சற்று விரிவாகக் கூறப்படும். இங்குக் குறிப்பிடப்படும் பறவைகளிற் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலும் காணப்படுவன. ஆதலின் அவற்றின் தமிழ்ப் பெயர்களே வழங்கப்பட்டுள்ளன.

சாலையும் அதன் சூழலும்

ஏப்ரல் மாத இறுதிக்குள் கோதுமை அறுவடை முடிந்துவிடுகிறது. மழை தொடங்கும்வரை வயல்கள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கின்றன. எங்கும் வெயில் காய, சாலையின் இருமருங்கிலும் வேம்பு, கருவேலம், வன்னி, அரசு முதலிய மரங்கள் மட்டும் நிழல் தந்து நிற்கின்றன. பழைய மரங்களில் பொந்துகள் உண்டு. சாலை மேட்டிற்காக மண் வெட்டிய பள்ளங்களின் ஓரத்தில் செங்குத்தான மண்கரைகள் அமைந்துள்ளன. அப்பள்ளங்களுட் சிலவற்றில் கலங்கிய நீர் இன்னும் தேங்கியிருக்கும். மேலே மின்கம்பியும் உண்டு. இவ்வாறு இருக்கை, நிழல், பொந்து, மண்கரை, நீர் ஆகிய ஐந்தும் ஒரு குறுகிய நிலத்துண்டில் ஒருங்கே கிடைப்பதால், பரந்த வயல்வெளியில் சிதறிக் கிடக்கும் பறவைகள் சாலையோரத்தில் நெருங்கிக் காணப்படுகின்றன. கிராமச் சாலை சிறந்த வகுப்பறையாவதற்குக் காரணம் இதுவே.

மே மாத நடுவில் பரத்பூரில் கதிரவன் காலை ஐந்தரை மணியளவில் உதிக்கிறது. அதன் பின் மூன்று மணி நேரமே பணிக்கு உகந்தது. ஒன்பது மணிக்கு மேல் ‘லூ’ எனப்படும் அனற்காற்று வீசத் தொடங்கும். நண்பகலில் 45 டிகிரி செல்சியஸைக் கடக்கும் நாட்களும் உண்டு. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அவை அலகைத் திறந்து மூச்சிரைத்தும், தொண்டைத் தோலை அதிரச் செய்தும் உடலின் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்கின்றன. காகமோ மைனாவோ நிழலில் வாய் பிளந்து அமர்ந்திருக்கக் கண்டால், மாணாக்கரை அழைத்துத் திரும்பும் நேரம் வந்துவிட்டது என்று ஆசிரியர் கொள்ளலாம். குடிநீர், தலைக்குத் துணி, மங்கிய நிற உடை ஆகியவை இன்றியமையாதவை.

கம்பியின் மேல்

முதலில் கண்ணிற்படுவன கம்பியில் அமர்ந்து இரை தேடும் பறவைகள். இவற்றுள் தலைமையானது பனங்காடை. அமர்ந்திருக்கையில் இது பழுப்பு நிறம் மிக்க, சோம்பலான பறவையாகவே தோன்றும். தரையில் ஊரும் வெட்டுக்கிளியைக் கண்டு சிறகு விரித்துப் பாய்ந்தவுடன் கருநீலமும் வெளிர்நீலமும் மாறி மாறி ஒளிரும். இந்நீலம் சாயப்பொருளால் உண்டானதன்று. இறகிலுள்ள நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால் தோன்றுவது. மார்ச்சு முதல் ஜூன் வரையில் ஆண்பறவை உயரப் பறந்து, கரகரத்த குரலெழுப்பி, இருபுறமும் உருண்டு புரண்டு இறங்கும் காட்சியைக் காணலாம். இணையைக் கவரும் பொருட்டு நிகழ்த்தும் இவ்வித்தைக்குப் பின், அருகிலுள்ள மரப்பொந்து ஒன்றில் அது கூடு கொள்கிறது.

இப்பறவை எங்கும் உள்ளதுதானே என்று எண்ணிக் கடந்து செல்லலாகாது. ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் 2023ஆம் ஆண்டு அறிக்கை, பனங்காடையின் எண்ணிக்கை அதற்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைந்துள்ளதெனக் கணித்தது. உலக அளவில் இதன் பாதுகாப்பு நிலையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 30,000-க்கும் மேற்பட்ட பறவை காண்போர் அளித்த ஏறத்தாழ 3 கோடிக் குறிப்புக்களை ஆதாரமாகக் கொண்டது அவ்வறிக்கை. ஆகவே, ஒரு கிராமச் சாலையில் ஆசிரியரும் மாணாக்கரும் எண்ணிக் குறித்த எண்ணிக்கையும் இத்தகைய கணக்கிற்கு உதவக்கூடியதே.

பனங்காடைக்கு அடுத்தாற்போல் கரிச்சான், கீச்சான், பஞ்சுருட்டான் ஆகியவற்றைக் கம்பியில் காணலாம். கரிச்சான் மேயும் எருமையின் முதுகையும் இருக்கையாகக் கொள்ளும். கால்நடையின் குளம்படியிலிருந்து எழும் பூச்சிகளே அதற்கு இரை.

மரக்கிளைகளில்

கரிச்சானின் கூடு கிளைக்கவட்டில் அமைந்த சிறு கிண்ணம் போன்றது. உருவிற் சிறிதாயினும் இப்பறவை தன் கூட்டை அணுகும் காகத்தையும் பருந்தையும் துரத்தி அடிக்கும் வீரம் உடையது. அதனால் புறா, கொண்டைக்குருவி, கோடையில் வட நாட்டுக்கு வந்து குஞ்சு பொரிக்கும் மாங்குயில் முதலியன கரிச்சான் குடியிருக்கும் மரத்திலேயே தம் கூட்டையும் அமைப்பதுண்டு. ஒரு மரத்தில் ஒரு கூட்டைக் கண்டவர் அதனுடன் நின்றுவிடாமல், அம்மரத்தை முழுவதும் தொலைவிலிருந்து ஆராய்தல் நன்று.

செப்புப் பாத்திரம் அடிப்பது போன்ற ‘டுக், டுக்’ ஒலி செம்மார்புக் குக்குறுவானுடையது. இது பட்டுப்போன கிளையைக் குடைந்து கூடு செய்கிறது. புள்ளி ஆந்தை பழைய மரப்பொந்தில் வாழ்வது. காலைவேளையில் இணையாக வாயிலில் அமர்ந்து, வருவோரை உற்று நோக்கித் தலையை மேலும் கீழும் அசைக்கும். பட்ட கிளையும் பொந்து விழுந்த மரமும் பயனற்றவை என்று வெட்டப்படும்போது, இவற்றின் குடியிருப்பும் உடன் அழிகிறது என்பதை மாணாக்கர் நேரிற் கண்டு உணரலாம்.

மண்கரையில்

பச்சைப் பஞ்சுருட்டான் செங்குத்தான மண்கரையிலோ சற்றே சரிந்த மணற்றரையிலோ வளை தோண்டி முட்டையிடுகிறது. அலகில் தும்பியையோ தேனீயையோ பற்றிக்கொண்டு கம்பியில் அமர்ந்திருக்கும் பறவை, வளைக்குள் புகாமல் நெடுநேரம் தயங்குவதைக் காண நேரிடலாம். அதற்குக் காரணம் பெரும்பாலும் பார்த்துக்கொண்டு நிற்பவரே ஆவார். மிலிந்த் வாட்வே முதலிய இந்திய ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. வளையின் வாயில் தமக்குத் தெரியுமாறு மனிதர் நின்றபோது பறவை உட்செல்லத் தயங்கிற்று. ஏதேனும் தடுப்பினால் வாயில் அவர் கண்ணுக்குத் தெரியாதபோது, தயக்கம் குறைந்தது. எனவே, மனிதர் எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பதோடு, அவரால் எதனைப் பார்க்க முடியும் என்பதையும் பறவை கருத்திற் கொள்கிறது எனத் தெரிகிறது.

இதன் பயன் வெளிப்படை. வளைக்கு நேரெதிரே நிற்பவர் குஞ்சுகளின் உணவைத் தடுத்து நிற்கிறார். அவர் பக்கவாட்டில் விலகி, புதரின் மறைவிலிருந்து, பறவை அமரும் கம்பியையோ முட்செடியையோ நோக்கிக் காமிராவைத் திருப்பினால் இருவர் காரியமும் நிறைவேறும். இரையைப் பற்றிய பறவையின் படமும் நன்கு அமையும்.

தரையில்

கோடைக்காலச் சாலையில் மிகவும் கவனிக்கத்தக்க பறவை செம்மூக்கு ஆட்காட்டி. ஆள் வருவதைக் கூவி அறிவிப்பதால் இப்பெயர் பெற்றது. இது கூடென்று எதையும் கட்டுவதில்லை. வெற்றுத் தரையில் சிறு குழியில், சுற்றிலும் சில கற்களுடன், பொதுவாக நான்கு முட்டைகளை இடுகிறது. மண்ணிறத்தில் கரும்புள்ளிகள் பரந்த அம்முட்டைகள் தரையோடு ஒன்றிவிடுவதால், இரண்டடி தூரத்திலும் அவற்றைக் காண்பது அரிது. ஆள் வருகையில் தாய்ப்பறவை முன்கூட்டியே எழுந்து ஓசையின்றி நடந்து விலகி, அப்பால் சென்ற பின்னரே கூச்சலிடுவதுண்டு. ஆதலின் பறவை கூவும் இடத்தில் முட்டை இருக்கும் என்று கருதுவது தவறு. முட்டைகள் நடப்பவரின் காலடியிலேயே இருக்கலாம்.

மற்றப் பறவைகள் அடைகாப்பது முட்டைக்கு வெப்பம் ஊட்டுவதற்காக. ஆட்காட்டிக்கோ மே மாதப் பகலில் முட்டையைக் குளிர்விப்பதே பெரும் பணி. வெயிலிற் கிடக்கும் வெற்றுத்தரை காற்றைக் காட்டிலும் பல டிகிரி மிகுதியாகச் சுடுகிறது. முட்டையிலுள்ள கரு வளர்வதற்கு ஏறத்தாழ 37, 38 டிகிரி உஷ்ணமே ஏற்றது. 40 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணம் நீடித்தால் கரு மடியும். இதனைத் தடுக்கத் தாயும் தந்தையும் மாறி மாறி முட்டையின் மேல் நிழலாக நிற்கின்றன. மேலும், அருகிலுள்ள குட்டைக்குச் சென்று, நீரில் அமர்ந்து வயிற்றிறகுகளை நன்கு நனைத்துக்கொண்டு திரும்பி, ஈர இறகால் முட்டைகளைக் குளிர்விக்கின்றன. இந்நிகழ்ச்சியைப் பைனாகுலர் கொண்டு தொலைவிலிருந்து காணும் மாணாக்கர் அதனை எளிதில் மறவார்.

இப்போது ஒருவர் நல்ல படம் வேண்டிக் கூட்டருகே அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். பறவை எழுந்து பறக்கிறது. சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. அவர் பத்து நிமிடம், இருபது நிமிடம் காத்திருக்கிறார். முட்டைகளை அவர் தொடவில்லை, கல்லெறியவில்லை, தாம் ஒரு தீங்கும் செய்யவில்லை என்றே நினைக்கிறார். ஆனால் அந்நேரம் முழுவதும் முட்டைகள் வெயிலில் காய்கின்றன. அவர் சென்றதும் பறவை திரும்பி வந்து முன்போலவே அமர்ந்து அடைகாக்கும். மடிந்துபோன முட்டையின் மேலும் அது நாட்கணக்கில் அமர்ந்திருக்கக்கூடும். விளைந்த கேட்டினைப் படமெடுத்தவர் அறிவதற்கு வழியே இல்லை.

ஆட்காட்டி மேட்டு நிலத்தில் முட்டையிட்டால் அவ்வாண்டு மழை மிகும் என்பது வட நாட்டு உழவரிடையே வழங்கும் நம்பிக்கை. இதனை எள்ளி ஒதுக்குவதும், அப்படியே ஏற்பதும் விஞ்ஞான முறையாகா. முட்டையிட்ட இடம் மேடா பள்ளமா என்பதையும் அவ்வாண்டு மழையளவையும் பல ஆண்டுகள் குறித்து வந்தால், விடை தானே கிடைக்கும்.

காமிராவைக் கையாளும் முறை

முற்காலத்தில் காமிராக்கள் கனமானவை. லென்ஸுகளின் ஆற்றலும் குறைவு. ஆகையால் பறவையை அருகிற் படமெடுக்க விரும்பியவர், அது தவறாமல் திரும்பி வரும் இடமாகிய கூட்டினருகே மறைவிடம் அமைத்துக் காத்திருந்தனர். இன்று 300 அல்லது 400 மில்லிமீட்டர் டெலிபோட்டோ லென்ஸ் பலரிடமும் உள்ளது. எனவே, கூட்டை நாடிச் செல்லும் தேவை நீங்கிவிட்டது. பழக்கம் மட்டும் இன்னும் பலரிடம் நீங்கவில்லை.

சாலையில் பயன்படும் சிறந்த மறைவிடம் வண்டியே. மோட்டாரையோ மாட்டு வண்டியையோ பொருட்படுத்தாத பனங்காடை, அதிலிருந்து மனிதர் இறங்கியவுடன் பறந்துவிடும். வண்டியை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, சன்னல் விளிம்பில் மணல் நிரப்பிய சிறு பையை வைத்து அதன்மேல் லென்ஸைத் தாங்கச் செய்தால் காமிரா அசையாது. நடந்து செல்வோர் நேராகப் பறவையை நோக்கிச் செல்லாமல், கடந்து செல்பவர்போல் சாய்வாக நடந்து, இடையிடையே நிற்க வேண்டும்.

கதிரவன் படமெடுப்பவரின் முதுகுப்புறம் இருத்தல் நன்று. பறவையின் கண் தெளிவாக அமைய வேண்டும். பறக்கும் பறவைக்கு ஷட்டரின் வேகம் ஒரு விநாடியில் 1000-இல் ஒரு பங்கு, அல்லது அதனினும் விரைவாக இருத்தல் வேண்டும். வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் கானல், தொலைவிலுள்ள உருவங்களைக் கலங்கச் செய்யும். எத்தகைய உயர்ந்த லென்ஸும் இக்குறையைப் போக்காது. பறவையின் நலத்துக்கும் படத்தின் தெளிவுக்கும் காலை நேரமே உகந்தது என்பது இதனால் விளங்கும்.

பின்வருவனவற்றை விலக்குக:

1. கூட்டை மறைக்கும் இலையையும் சுள்ளியையும் ஒடித்தல். அவையே முட்டைக்கு நிழல். காகத்தின் கண்ணுக்குத் திரை.

2. ஒலிப்பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைத்தல். போட்டிக்கு வேறொரு பறவை வந்துவிட்டதென்று எண்ணி, அது தன் கூட்டை விட்டுவந்து வீணே அலையும்.

3. குஞ்சுகளை எடுத்து வைத்துப் படம் பிடித்தல். தரைக்கூட்டைச் சுற்றிக் கூட்டமாக நிற்றல்.

4. கூடுள்ள இடத்தைப் படத்துடன் வெளியிடுதல்.

பறவை இடைவிடாமல் கத்துதல், அலகில் இரையுடன் கூட்டிற்குச் செல்லாதிருத்தல், தலைக்கு மேல் பாய்ந்து வருதல், சிறகொடிந்ததுபோல் நடித்தல் ஆகியவை அதன் அச்சத்தைக் காட்டும் குறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே பின்வாங்கிச் செல்லுதல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதனையும் ‘வேட்டை’ என்னும் சொல்லின் பொருளில் அடக்கியுள்ளது என்பதைக் களப்பணியாளர் மறத்தலாகாது.

குறிப்பேடு

படம் அழகாயிருந்தால் மட்டும் போதாது. நாள், நேரம், இடம் என்னும் மூன்றும் இல்லாத படம் விஞ்ஞானத்துக்கு அதிகம் உதவாது. புறப்படுமுன் காமிராவிலுள்ள கடிகாரத்தைச் சரிபார்த்தல் நலம். குறிப்பேட்டில் எழுதும் முறைக்கு ஒரு மாதிரி வருமாறு:

மே 12, காலை 6-10. இரண்டாம் கிலோமீட்டர்க் கல்லுக்கு அருகில். பனங்காடை 2. மின்கம்பி. ஒன்று தரையிறங்கி வெட்டுக்கிளி பிடித்தது. வேப்பமரப் பொந்திற்குச் சென்றது. வானம் தெளிவு, காற்று இல்லை. படம் 3.

காகம், மைனா, புறா முதலிய சாதாரணப் பறவைகளையும் விடாது எண்ணுதல் வேண்டும். அரிய பறவைகளை மட்டும் எழுதிய பட்டியலிலிருந்து எப்பறவை குறைகிறது, எது பெருகுகிறது என்று அறிய இயலாது. ஒரே சாலையில், ஒரே நேரத்தில், இரு வாரத்திற்கு ஒருமுறை நடந்து எழுதிய பட்டியலே மதிப்புடையது. வாகனம் மோதியோ மின்கம்பியிற் பட்டோ இறந்த பறவைகளைக் கண்டால் அவற்றையும் இடத்துடன் குறிக்க வேண்டும். சமவெளியின் குட்டைகளில் இணையாக நிற்கும் சாரசக் கொக்கு, ஆறடி உயரம் வரை வளர்வது. பறக்கும் பறவைகளுள் மிக உயரமானது. மின்கம்பிகளில் மோதி இறக்கும் ஆபத்து அதற்கும் உண்டு.

மழையின் வருகை

மே இறுதியிலும் ஜூனிலும் கறுப்பும் வெள்ளையுமான கொண்டையுடைய சுடலைக்குயில் வட இந்தியாவில் தோன்றுகிறது. வடமொழி இலக்கியத்தில் சாதகம் எனப் பெயர் பெற்ற பறவை இதுவே. இது பருவமழையை ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்து, தவிட்டுக்குருவிகளின் கூட்டில் முட்டையிடும். இதனை முதன்முதலாகக் கண்ட நாளை ஆண்டுதோறும் குறித்து வைப்பது எளிய, ஆனால் மிகப் பயனுள்ள பணியாகும். மழை இறங்கியதும் கிணற்றோரக் கருவேல மரங்களில் தூக்கணாங்குருவிகள் நெய்யத் தொடங்கும். சாரசக் கொக்குகளும் நீர் நிறைந்த வயல்களில் கூடமைக்கும். கோடைப் பட்டியல் அத்துடன் முடிந்து, மழைக்காலப் பட்டியல் தொடங்கும்.

பயிற்சிகள்

1. பள்ளிக்கு அண்மையிலுள்ள சாலையில் ஒரு கிலோமீட்டர் தூரம் நடந்து, கம்பி, மரம், மண்கரை, தரை, நீர் என்னும் ஐந்து தலைப்புக்களில் கண்ட பறவைகளைப் பட்டியலிடுக.

2. நிழலிலும் வெற்றுத் தரையிலும் வெப்பமானியை வைத்துக் காலை 6, 8, 10 மணிகளில் உஷ்ணத்தைக் குறிக்க. தரையில் முட்டையிடும் பறவை எந்நேரத்தில் கூட்டை விட்டு அகலுதல் அபாயமானது என்று கணிக்க.

3. கம்பியில் அமர்ந்துள்ள ஒரு பறவையை அரைமணி நேரம் தொலைவிலிருந்து நோக்கி, அது எத்தனை முறை இரைக்காகப் பாய்ந்தது, எத்தனை முறை வெற்றி பெற்றது என்று எழுதுக.

4. எடுத்த படங்களுள் ஒன்றைத் தேர்ந்து, அதனை எடுக்கும்போது பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்றும், எடுத்தவர் வந்ததனால் அதன் செயல் மாறிற்றா என்றும் ஐந்து வரிகளில் எழுதுக.